பாயிண்ட் கணக்குக்கு முன்னாடி உண்டிக் கணக்கு: ஐ.ஓ.பி.யைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் யார்? அவர் வாழ்க்கை கிரெடிட் கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு என்ன சொல்லுது?

திண்டுக்கல் நாகல் நகரில் கடை வச்சிருக்கிற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. பூட்டு, இரும்புச் சாமான் வியாபாரம். சரக்கு வாங்கறது, டீசல், கரண்ட் பில்னு எல்லாத்தையும் கிரெடிட் கார்டில் தேய்க்கிறார். மாசக் கடைசியில் போனுக்கு ஒரு மெசேஜ் வருது. உங்கள் கணக்கில் 20,000 பயணப் புள்ளிகள் சேர்ந்துள்ளன, சிங்கப்பூர் போகத் தயாரா என்று.

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ விமானம் ஏறினால் நாலு மணி நேரச் சொச்சத்தில் சிங்கப்பூர். சரி, அந்த 20,000 புள்ளிகள் உண்மையில் எத்தனை ரூபாய்? ஐயாயிரமா, பதிமூணாயிரமா, இருபதாயிரமா? பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது.

கடல் கடந்து போகிறவரின் பணம் இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்ற இதே கேள்வியை வச்சு ஒரு வங்கியையே கட்டினார் செட்டிநாட்டைச் சேர்ந்த ஒரு இளைஞர். அப்போது அவருக்கு வயது 28. அந்த வங்கி இன்னைக்கும் இருக்கு. அதன் பெயர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அவர் பெயர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்.

அவர் வாழ்க்கையைப் பார்ப்போம். கடைசியில் பாயிண்ட் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம்.

யார் இந்த சிதம்பரம் செட்டியார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எம்.ஏ. சிதம்பரம் வேறு. நாம் பேசும் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் வேறு.

இவர் 1908 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிறந்தவர். கானாடுகாத்தானைப் பூர்வீகமாகக் கொண்ட நகரத்தார் குடும்பம். தந்தை சர் எம்.சிடி. முத்தையா செட்டியார். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை நகரத்தார் விலாசம் என்பார்கள். தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகள் அதில் இருக்கும். எம்.சிடி.எம்.மில் கடைசி 'எம்' தந்தை முத்தையாவைக் குறிக்கிறது.

கடல் கடந்த தொழிலில் விலாசம் வெறும் இனிஷியல் இல்லை. ரங்கூனிலோ பினாங்கிலோ ஒரு தாளில் அந்த விலாசம் இருந்தால், அதைப் பார்த்து இன்னொரு கடைக்காரர் பணம் கொடுப்பார். இன்னைக்குக் கார்டின் மேல் இருக்கும் வங்கிப் பெயர் செய்யற வேலையை அன்னைக்கு விலாசம் செஞ்சது.

நத்தம் சாலையில் நடக்கும் கணக்கு

திண்டுக்கல்காரர்களுக்கு நகரத்தாரைப் புதுசா அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்து போவாங்க. நத்தம் தாண்டி, திண்டுக்கல் வழியாகத்தான் அந்த யாத்திரை போகும். சாலையோரம் தண்ணீரும் மோரும் கொடுத்து அனுப்புவது இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பழக்கம்.

இந்த யாத்திரை எப்படித் தொடங்கியது என்பதற்கு ஒரு மரபுக் கதை உண்டு. நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பர் என்ற உப்பு வியாபாரி பழனிப் பக்கம் உப்பு விற்கப் போனாராம். விற்பனையில் ஒரு சிறு பங்கை முருகனுக்கு என்று தனியாக எழுதி வச்சாராம். அந்தப் பங்குக்கு மகமை என்று பெயர்.

ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ஒரு சின்னப் பங்கு தனிக் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். இன்னைக்குக் கார்டு கம்பெனிகள் செய்யறதும் இதே மாதிரிதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். மகமை ரூபாயாகவே எழுதப்பட்டது, அதனால் அதன் மதிப்பில் சந்தேகம் வர வழியில்லை. பாயிண்ட் அப்படி இல்லை. அதன் மதிப்பைக் கொடுக்கிறவரே தீர்மானிக்கிறார், மாற்றவும் செய்கிறார்.

உண்டி என்றால் என்ன?

சிதம்பரம் செட்டியார் பிறந்த காலத்தில் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று போய்க்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1985இல்தான். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது ஒரு வழி.

போனவர் சம்பாதித்ததை ஊருக்கு எப்படி அனுப்புவார்? அதற்குத்தான் உண்டி. பினாங்கில் இருக்கும் செட்டியார் கடையில் டாலரைக் கட்டினால் ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாள் ஊர் வந்து சேர்ந்ததும், இங்கே இருக்கும் கடையில் ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம். காட்டிய உடனே பணம் தரவேண்டியது தர்சன உண்டி. குறிப்பிட்ட நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டி.

இந்தக் கடைகள் இருந்த கூடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு என்று கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பகலில் அதுதான் அலுவலகம், ராத்திரி அங்கேயே படுக்கை. ஊரிலிருந்து வரும் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலை வரிசை. வழக்கமாக மூணு வருஷத் தவணை முடிச்சுத்தான் ஊர் திரும்புவார்கள்.

இந்த ஏற்பாடு நல்லாத்தான் ஓடியது. ஆனால் எல்லாம் ஒரு குடும்பத்தின் பணம், ஒரு குடும்பத்தின் நம்பிக்கை. அந்தக் குடும்பம் சாய்ந்தால் உண்டியும் சாயும்.

இருபது வயசில் விழுந்த பொறுப்பு

1929இல் தந்தை முத்தையா செட்டியார் காலமானார். மகன் அப்போதுதான் இருபதைத் தொட்டிருந்தார். குடும்பத்தின் வட்டித் தொழில், சென்னையில் இருந்த வியாபாரத் தொடர்புகள் எல்லாம் அவர் கைக்கு வந்தன.

வந்த நேரம்தான் மோசம். 1929 கடைசியில் அமெரிக்காவில் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்து உலகம் முழுக்க விலைவாசி விழுந்தது. பர்மா நெல்லின் விலையும் பாதாளத்துக்குப் போனது. நகரத்தார் பணத்தின் பெரும்பகுதி அந்த நெல்லில்தான் இருந்தது.

அளவு புரிய ஒரு எண்ணைப் பார்க்கலாம். பர்மாவில் நகரத்தாரின் மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று 1929-30இல் அங்கு நடந்த அரசு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

நெல் விலை விழுந்ததும் விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வச்ச நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1930இல் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தாரிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது.

கேட்க லாபம் மாதிரித் தெரியும். ஆனால் அது லாபம் இல்லை. கையில் காசு இல்லை, வாங்க ஆள் இல்லாத நிலம்தான் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் கோடி, பெட்டியில் வெறுமை. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபம் வேறு. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. தலைமுறையாக உழுத நிலம் வெளியூர்க்காரர் பெயருக்கு மாறினால் யாருக்குத்தான் வலிக்காது?

பழைய முறை இனி தாங்காது என்பது அந்தப் பத்து வருஷத்தில் தெளிவாகிவிட்டது. பெட்டியடிக்குப் பதிலாகப் பங்குதாரர்கள், தணிக்கை, வைப்புத்தொகை கொண்ட நவீன வங்கி தேவைப்பட்டது. சிதம்பரம் செட்டியார் எடுத்த வழி அதுதான்.

ஒரே நாள், மூன்று ஊர்

1937 பிப்ரவரி 10. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொழிலைத் தொடங்கிய நாள். அன்னைக்கு ஒரே நேரத்தில் மூணு கிளைகள் திறக்கப்பட்டன. காரைக்குடி, சென்னை, ரங்கூன்.

இந்த மூணு ஊரையும் கவனிங்க. காரைக்குடி துறைமுகம் இல்லை, தொழில் நகரமும் இல்லை. ஆனால் பணம் புறப்பட்ட ஊரும், திரும்பி வந்து சேரும் ஊரும் அதுதான். சென்னை நிர்வாகத்துக்கு. ரங்கூன் தொழில் நடக்கும் இடம். அடுத்து பினாங்கு, பிறகு கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வங்கி கடல் கடந்து விரிந்தது. பெயரிலேயே ஓவர்சீஸ் என்று வச்சதற்குக் காரணம் இதுதான். அந்நியச் செலாவணிதான் அதன் முக்கியத் தொழில்.

இதென்ன பெரிய விஷயம்னு தோணலாம். அன்னைக்கு இது பெரிய விஷயம்தான். இந்தியாவில் வெளிநாட்டு நாணய மாற்றுத் தொழில் ஐரோப்பியர்களின் எக்ஸ்சேஞ்ச் வங்கிகள் கையில் இருந்தது. இந்திய வங்கிகளுக்கு அதில் பங்கு ரொம்பக் குறைவு. ரிசர்வ் வங்கியே 1935இல்தான் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நாணய மாற்றுக்காகவே காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையைத் திறந்தார் சிதம்பரம் செட்டியார்.

ஒரு அணாவில் எட்டு நாள் கூலி

நாணய மாற்றில் என்ன இருக்கு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அப்போது மலேயாவில் புழங்கிய டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ். இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது ஒரு டாலருக்குச் சுமார் 1 ரூபாய் 9 அணா கிடைக்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு தொழிலாளி 100 டாலர் சேர்த்து ஊருக்கு அனுப்புகிறார் என்று வச்சுக்குவோம். மாற்றிக்கொடுப்பவர் டாலருக்கு ஒரே ஒரு அணாவைக் குறைத்துக் கொடுத்தால்? நூறு அணா போச்சு. அதாவது 6 ரூபாய் 4 அணா. டாலர் கணக்கில் சுமார் 4 டாலர்.

அன்றைய தோட்டக் கூலி நாளுக்கு அரை டாலர் அளவில்தான் இருந்தது. அப்படியானால் அந்த ஒரு அணாவின் உண்மையான விலை எட்டு நாள் உழைப்பு. எட்டு நாள் விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டியது ஒரு சின்ன எழுத்தில் காணாமல் போய்விடும். அனுப்பினவருக்கும் தெரியாது, வாங்கின குடும்பத்துக்கும் தெரியாது.

நாணய மாற்றில் இழப்பு இப்படித்தான் நடக்கும். யாரும் பையிலிருந்து எடுக்க மாட்டார்கள். விகிதத்தில் எடுப்பார்கள். இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

தொடங்கிய 50ஆம் நாளே சோதனை

வங்கி தொடங்கி 50 நாள்தான் ஆகியிருந்தது. 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிக்கப்பட்டது. நேற்று வரை ஒரே நாடாக இருந்த ரங்கூன், இப்போது வெளிநாடு.

அடுத்த வருஷம் இன்னொரு அடி. 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. தென்னிந்தியா முழுக்க வைப்பாளர்கள் பயந்து போனார்கள். பல வங்கிகளின் வாசலில் கூட்டம். ஒரு வயசுகூட நிறைந்து சில மாதமே ஆன ஐ.ஓ.பி. அந்தப் பயத்தைத் தாண்டி நின்றது.

ஆனால் போரைத் தாண்டுவது சுலபமாக இல்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு, மலை வழியாக நடந்தே இந்தியா நோக்கி வந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். உயிரோடு வந்தவர்கள் பலரிடம் பத்திரமும் பாஸ்புத்தகமும் இருந்தன, பணம் இல்லை.

ஐ.ஓ.பி.யின் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் கிளைகள் கைவிட்டுப் போயின. ஐந்தே வருஷத்தில், எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் கடல் கடந்த தொழிலை வங்கி இழந்து நின்றது.

வாழைமரத் தாள் சொல்லும் பாடம்

ஜப்பானியர் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு புது நாணயத்தை வெளியிட்டார்கள். பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் மக்கள் அதை வாழைமரத் தாள் என்ற பொருளில் அழைத்தார்கள். இஷ்டத்துக்கு அச்சடித்தார்கள். போகப்போக அதன் மதிப்பு சரிந்தது. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதம் ஆனது.

இதில் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. போருக்கு முன்னால் நல்ல டாலரில் வாங்கிய கடனை, சிலர் போர்க்காலத்தில் மதிப்பில்லாத தாளில் திருப்பிக் கட்டியிருந்தார்கள். கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? 1948இல் மலேயாவில் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. எந்த மாதத்தில் கட்டிய தாளுக்கு எவ்வளவு உண்மை மதிப்பு என்று அட்டவணை போட்டார்கள்.

அதாவது, ஒரு தாளின் மேல் எழுதியிருக்கும் எண் அதன் மதிப்பு இல்லை. அதை எங்கே, எப்போது, எதுவாக மாற்ற முடியுமோ அதுதான் மதிப்பு. இந்தப் பாடத்தைக் கிட்டங்கிகள் ரொம்ப விலை கொடுத்துக் கற்றன.

மறுபடி எழுந்த வங்கி

போர் முடிந்ததும் சிதம்பரம் செட்டியார் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கைவிட்ட கிளைகள் திரும்பத் திறக்கப்பட்டன. கொழும்பு, பாங்காக் என்று புது ஊர்களும் சேர்ந்தன. நாடு சுதந்திரம் அடைந்தபோது ஐ.ஓ.பி.க்கு இந்தியாவில் 38 கிளைகள். வெளிநாட்டில் 7.

வங்கி மட்டும் இல்லை. 1906இல் சென்னையில் தொடங்கப்பட்ட யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவர் தலைமையில் வளர்ந்தது. கேரளத்தில் பெரும்பாவூர் அருகே திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையை உருவாக்கினார். நாட்டின் முதல் ரேயான் ஆலை அது. வட்டிக்கு விட்ட பணம் தொழிலுக்குப் போன மாற்றத்தை அவருடைய வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம்.

சென்னை மவுன்ட் ரோட்டில் இன்னும் நிமிர்ந்து நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் தெரியும்தானே? ஊரிலிருந்து சென்னைக்குப் போறவங்க கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த கட்டடம். அதுவும் இவர் திட்டம்தான். யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்காக 1953இல் கட்டத் தொடங்கினார்கள். அது முடிவதற்குள் எல்லாமே மாறிவிட்டது.

1954 மார்ச் 13: கல்லாங்கில் என்ன நடந்தது?

அன்னைக்கு பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று, சிட்னியிலிருந்து லண்டன் போகும் பாதையில் ஜகார்த்தா வழியாக சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கியது. இறங்கும்போது ஓடுதளத்துக்கு முன்னால் இருந்த கடற்சுவரில் சக்கரப் பகுதி இடித்தது. ஓடுதளத்தில் விமானம் கவிழ்ந்து தீப்பிடித்தது.

உள்ளே இருந்தவர்கள் 40 பேர். 33 பேர் இறந்தார்கள். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த 31 பேரில் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். வயது 45.

விமானி 20 மணி நேரத்துக்கும் மேலாகப் பணியில் இருந்தார், களைப்பும் விபத்துக்கு ஒரு காரணம் என்று பின்னர் நடந்த விசாரணையில் பேசப்பட்டது. மீட்புப் பணி தாமதமானதும் விமர்சிக்கப்பட்டது.

கப்பலில் வாரக்கணக்கில் போன முன்னோர்களின் தொழிலை விமான யுகத்துக்குக் கொண்டுவந்தவர், விமானத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதுவும் தன் வங்கிக்குக் கிளை இருந்த ஊரில்.

அவருக்குப் பிறகு

அவர் தொடங்கியவை ஒவ்வொன்றாகக் குடும்பத்தின் கையிலிருந்து நாட்டின் கைக்குப் போயின. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. மவுன்ட் ரோடு கட்டடம் 1959 ஆகஸ்டில் எல்.ஐ.சி. பெயரில் திறக்கப்பட்டது. அப்போது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது. கனவு கண்டவர் பெயர் வாசலில் இல்லை. யுனைடெட் இந்தியா என்ற பெயர் மட்டும் அரசின் பொதுக் காப்பீட்டு நிறுவனமாக இன்றும் சென்னையிலிருந்து இயங்குகிறது.

1963இல் பர்மா அரசு எல்லா வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. முதல் நாள் திறந்த மூணு கிளைகளில் ஒன்றான ரங்கூன் கிளை அதோடு முடிந்தது. 1969 ஜூலையில் இந்தியாவில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது ஐ.ஓ.பி.யும் அதில் ஒன்று. அப்போது உள்நாட்டில் 195 கிளைகள்.

இதற்கிடையில் இன்னொரு விஷயமும் நடந்தது. தனிநபர் கடன் திட்டத்தைக் கொண்டுவந்து, நுகர்வோர் கடனில் முதலில் இறங்கிய இந்திய வங்கி என்ற பெயரை ஐ.ஓ.பி. எடுத்தது. தொழிலுக்கு மட்டுமே கடன் என்றிருந்த காலத்தில், மாதச் சம்பளக்காரருக்கும் வங்கிக் கதவு திறந்தது. இன்னைக்கு நம்ம பையில் இருக்கும் கார்டு அந்தப் பாதையில் வந்ததுதான்.

சரி, நம்ம 20,000 பாயிண்டுக்கு என்ன மதிப்பு?

நாகல் நகர் கடைக்காரரிடம் திரும்பி வருவோம். இனி வரும் எண்கள் உதாரணத்துக்கு. உங்க கார்டின் விதிகளைப் பார்த்து எண்ணை மட்டும் மாத்திக்கோங்க, முறை ஒண்ணுதான்.

முதல் கணக்கு: எதுவாக மாற்றுகிறோம்?

அவர் கார்டில் 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட். 20,000 பாயிண்ட் சேர 10 லட்சம் ரூபாய் செலவு செஞ்சிருக்கார். பரிசுக் கூப்பனாக மாற்றினால் பாயிண்டுக்கு 25 பைசா, அதாவது 5,000 ரூபாய். சிங்கப்பூர் டிக்கெட்டாக எடுத்தால்? டிக்கெட்டின் சாதாரண விலை 18,000. பாயிண்டில் எடுத்தாலும் வரி, கட்டணம் என்று 5,000 கையிலிருந்து கட்ட வேண்டும். மிச்சம் 13,000. அதை 20,000ஆல் வகுத்தால் பாயிண்டுக்கு 65 பைசா.

ஒரே பாயிண்ட்தான். ஒரு இடத்தில் 25 பைசா, இன்னொரு இடத்தில் 65 பைசா. ஆனால் நீங்க எப்படியும் போகப்போற பயணமாக இருந்தால்தான் அந்த 65 பைசா உண்மை. போகவேண்டிய அவசியமே இல்லாத பயணத்துக்கு மதிப்புப் போட்டால் அது பர்மா நிலம் மாதிரி, கணக்கில் மட்டும் இருக்கும்.

இரண்டாவது கணக்கு: விகிதத்தில் என்ன போகுது?

சிங்கப்பூரில் கார்டைத் தேய்த்தால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4.13 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க்குச் செலவு செஞ்சால் 4,130 ரூபாய் போகும். அதற்கு வரும் 2,000 பாயிண்டின் மதிப்பு, 65 பைசா என்றே வச்சாலும், 1,300 ரூபாய். நிகர நஷ்டம் 2,830.

தோட்டத் தொழிலாளியின் அந்த ஒரு அணா இதுதான். இன்னொன்று, அங்கே கடையில் ரூபாயில் எடுக்கட்டுமா, சிங்கப்பூர் டாலரில் எடுக்கட்டுமா என்று மிஷின் கேட்கும். ரூபாய் என்றதும் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அங்கே அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகத்தான் இருக்கும். உள்ளூர் டாலரையே அழுத்துங்க. வெளிநாட்டுக் கட்டணம் குறைவாக இருக்கும் கார்டு எது என்று கிளம்பும் முன்னாடியே பாருங்க.

மூன்றாவது கணக்கு: வட்டி

50,000 ரூபாய் பில்லைக் கட்டாமல் ஒரு மாசம் தள்ளிப்போட்டால், மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,750. ஜி.எஸ்.டி.யோடு 2,065. அந்த 50,000க்கு வந்த பாயிண்ட் 1,000, மதிப்பு 650. பில்லை முழுசாகக் கட்ட முடியாத மாசத்தில் பாயிண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நான்காவது கணக்கு: எவ்வளவு நாள் வச்சிருக்கலாம்?

பாயிண்ட் நம்ம கணக்கில் இருந்தாலும் அதன் விதி நம்ம கையில் இல்லை. இன்னைக்கு 20,000க்குக் கிடைக்கும் டிக்கெட்டுக்கு அடுத்த வருஷம் 30,000 கேட்கலாம். காலாவதி ஆகலாம். வங்கி வைப்புத்தொகைக்கு வட்டி வரும், பாயிண்டுக்கு வராது. அதனால் சேர்த்துச் சேர்த்து வைக்காமல், தேவை வந்ததும் மாத்திடுறதுதான் நல்லது.

ஆண்டுக் கட்டணத்தையும் மறக்காதீங்க. மேலே போட்ட 13,000 ரூபாய் பலனில் கார்டின் ஆண்டுக் கட்டணம் 5,000 என்றால், கையில் நிற்பது 8,000தான். பத்து லட்சம் செலவுக்கு எட்டாயிரம். நூற்றுக்கு 80 பைசா. எப்படியும் செய்யற செலவுக்கு இது கிடைத்தால் நல்லதுதான். இதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவு செஞ்சால் நஷ்டம்தான்.

தைப்பூசத்தில் நத்தம் ரோட்டில் நகரத்தார் காவடி வரும்போது, அதில் வருகிறவர்களில் சிலரின் தாத்தாவோ பூட்டனோ ரங்கூனில் பெட்டியடியில் உட்கார்ந்து அணா அணாவாகக் கணக்கு எழுதியவராக இருக்கலாம். அந்தக் கணக்குப் புத்தகங்களை ஒரு வங்கியாக மாற்றியவர் சிதம்பரம் செட்டியார். அடுத்த தடவை போனில் பாயிண்ட் மெசேஜ் வந்தால், சிங்கப்பூர் படத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கோங்க. வகுத்துப் பார்க்க ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.